கறி தின்னும் நாய்க்கு எப்படி பி12 குறையும்?

(1)
போன மாசம் ஏனாத்தூரில் எங்க தெருவில் இருக்கும் ஒரு அக்கா கேட்ட கேள்வி இது.

அவங்க வீட்டில் ஒரு பீகிள் நாய்க்குட்டி. வந்த புதுசில் துள்ளிக்கிட்டு இருந்தது. கொஞ்ச நாளில் தட்டை முகர்ந்து பார்த்துட்டு திரும்பிப் படுக்க ஆரம்பிச்சது. வளர்த்தியே இல்லை. ஈறு வெளுத்துப் போச்சு. கால்நடை மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு, "ரத்தசோகை இருக்கு, வைட்டமின் பி12 ரொம்பக் கம்மி. பிறவியிலேயே வர்ற கோளாறா இருக்கலாம்"னு சொல்லி ஊசி ஆரம்பிச்சிருக்கார்.

அக்காவுக்கு அதை நம்ப முடியலை. நேரா என்கிட்ட வந்தாங்க.

"டாக்டர் தம்பி, சைவம் சாப்பிடுறவங்களுக்குத்தானே பி12 குறையும்னு சொல்வீங்க? இது தினம் கோழி, முட்டை, ஈரல் தின்னுது. இதுக்கு எப்படிக் குறையும்?"

அருமையான கேள்வி. பதில் சொல்ல ரெண்டு நிமிஷம் போதும். ஆனா அந்தப் பதிலை மருத்துவ உலகம் கண்டுபிடிக்க நூறு வருஷத்துக்கு மேல் ஆச்சு. அந்தக் கதையைத்தான் இந்த நீண்ட பதிவில் எழுதப் போறேன்.

(2)
கதையின் தொடக்கத்திலும் நாய்கள் உண்டு, முடிவிலும் நாய்கள் உண்டு. நடுவில் நம்ம திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ், வேலூர் எல்லாம் வருது.

இடையில் மருத்துவர்கள் செய்த ஒரு பெரிய தப்பும் வருது. அதே தப்பை நானும் ஒருமுறை செஞ்சிருக்கேன். அதையும் மறைக்காமல் சொல்றேன்.

(3)
1849. லண்டனில் தாமஸ் அடிசன் என்ற மருத்துவர் ஒரு விசித்திரமான ரத்தசோகையை விவரிக்கிறார். நோயாளி மெல்ல மெல்ல வெளுப்பார், நாக்கு வழவழன்னு புண்ணாகும், மூச்சு வாங்கும். ரத்தப்போக்கு இருக்காது, காரணமும் தெரியாது. கடைசியில் இறந்துவிடுவார்.

பின்னாளில் இதற்கு "பெர்னீஷியஸ் அனீமியா" என்று பெயர் வைத்தார்கள். "உயிர்க்கொல்லி ரத்தசோகை" என்று சொல்லலாம். பெயர் சும்மா வைக்கவில்லை. 1926 வரை இது வந்தால் பிழைப்பது அபூர்வம்.

இரும்பு கொடுத்தார்கள், ஆர்செனிக் கொடுத்தார்கள், மண்ணீரலை எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் நிலைக்கவில்லை.

(4)
இங்கேதான் முதல் நாய்கள் வருகின்றன.

அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் ஜார்ஜ் விப்பிள் என்ற மருத்துவரும் ஃப்ரீடா ராப்ஷைட்-ராபின்ஸ் என்ற பெண் ஆய்வாளரும் ஒரு சோதனை செய்தார்கள். நாய்களிடம் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தை எடுத்து, ஹீமோகுளோபினை வழக்கமான அளவில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைத்து, அதே நிலையில் வைத்திருந்தார்கள். அப்புறம் ஒவ்வொரு உணவாகக் கொடுத்து, எதைத் தின்றால் ரத்தம் சீக்கிரம் ஊறுகிறது என்று அளந்தார்கள். பல வருஷம் நடந்த வேலை.

ரொட்டி, பால் எல்லாம் பெரிசாக உதவவில்லை. இறைச்சி பரவாயில்லை. எல்லாவற்றையும் தாண்டி முதலிடம் பிடித்தது ஈரல்.

ரத்தம் இல்லைன்னா ஈரல் வாங்கிச் சாப்பிடுன்னு நம்ம வீட்டுப் பெரியவங்க சொல்றது ஞாபகம் வருதா? அதை அளந்து நிரூபித்தது இந்த நாய்கள்தான்.

(5)
விப்பிளின் கட்டுரைகளை பாஸ்டனில் ஜார்ஜ் மைனாட் என்ற மருத்துவர் படித்தார். அவர் ஒரு சர்க்கரை நோயாளி. புதுசாக வந்திருந்த இன்சுலின் அவரைக் காப்பாற்றி இருந்தது. அந்த இன்சுலினும் நாய்களை வைத்துச் செய்த சோதனையில் கிடைத்ததுதான்!

மைனாட், வில்லியம் மர்ஃபி இருவரும் உயிர்க்கொல்லி ரத்தசோகை நோயாளிகளுக்கு தினமும் 120 முதல் 240 கிராம் வரை ஈரல் கொடுத்தார்கள். 1926இல் 45 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார்கள். சாவுக்குக் காத்திருந்தவர்கள் எழுந்து நடந்தார்கள்.

1934இல் விப்பிள், மைனாட், மர்ஃபி மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வருஷக்கணக்கில் அந்த நாய்களோடு நின்று உழைத்த ஃப்ரீடாவின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

(6)
இப்போ ஒரு வேடிக்கை.

விப்பிளின் நாய்களுக்கு வந்தது ரத்தம் எடுத்ததால் வந்த சோகை. ரத்தம் போனால் இரும்பு போகும். அந்த நாய்களைத் தேற்றியது ஈரலில் இருந்த இரும்புச்சத்து.

மைனாட்டின் நோயாளிகளுக்கு இரும்பு குறையவே இல்லை. அவர்களைக் காப்பாற்றியது அதே ஈரலில் இருந்த வேறு ஒரு பொருள். அது என்னவென்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

அதாவது, நாய்க்கு ஒரு நோய், மனுஷனுக்கு வேற நோய். ரெண்டுக்கும் மருந்து தற்செயலாக ஒரே உறுப்பில் இருந்தது. சாவி தவறான பூட்டுக்குச் செய்தது, ஆனால் கதவு திறந்துவிட்டது.

"ரத்தசோகை" என்று ஒரே பெயரில் கூப்பிட்டாலும் அது ஒரே நோய் இல்லை. இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

(7)
அடுத்த கேள்வி. நல்லா மாட்டுக்கறி சாப்பிடும் ஆளுக்கும் இந்த நோய் ஏன் வருது? (அக்காவின் கேள்வியேதான்!)

பாஸ்டனில் வில்லியம் கேஸில் என்ற இளம் மருத்துவர் செய்த சோதனையைக் கேட்டால் குமட்டும். தினமும் காலையில் அரைவேக்காட்டு மாட்டுக்கறி 300 கிராம் சாப்பிடுவார். ஒரு மணி நேரம் கழித்து அதைத் தானே வாந்தி எடுப்பார். அதைப் பதப்படுத்தி, குழாய் வழியாக நோயாளியின் வயிற்றுக்குள் செலுத்துவார்.

வெறும் கறி கொடுத்தபோது தேறாத நோயாளிகள், கேஸிலின் வயிற்றில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வந்த கறியில் தேறினார்கள். இது வெளியானது 1929இல்.

அப்படியென்றால் கறியில் ஒரு பொருள் இருக்கிறது. ஆரோக்கியமான வயிற்றில் இன்னொரு பொருள் சுரக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் பலன். வயிற்றில் சுரப்பதற்கு "இன்ட்ரின்சிக் ஃபேக்டர்" என்று பெயர். நாம் இங்கே அதை "துணைக்காரணி" என்று வைத்துக்கொள்வோம்.

(8)
இப்போ நம்ம ஊருக்கு வருவோம்.

அதே காலகட்டத்தில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்தியாவுக்கு வருகிறார். பம்பாயில் கர்ப்பிணிகள், அதிலும் ஏழைப் பெண்கள், கடுமையான ரத்தசோகையால் செத்துக்கொண்டிருந்தார்கள். துணி ஆலைகளில் வேலை செய்த பெண்களும் அதில் இருந்தார்கள். ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்பணுக்கள் அளவில் பெரிசாக இருக்கும், உயிர்க்கொல்லி ரத்தசோகையில் இருப்பது போலவே.

1929இல் சில மாதங்கள் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் வேலை பார்த்தார். அங்கே உணவு ஆய்வை நடத்திக்கொண்டிருந்தவர் ராபர்ட் மெக்கரிசன். (அந்தக் குன்னூர் ஆய்வகம்தான் 1958இல் ஹைதராபாத் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.) 1931 தொடக்கத்தில் லூசி வேலை பார்த்தது மெட்ராஸ் கோஷா ஆஸ்பத்திரியில்!

ஆமாங்க, திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனைதான். காஞ்சிபுரம் பக்கத்துப் பாட்டிகள் இன்னும் "கோஷாஸ்பத்திரி"ன்னுதான் சொல்வாங்க.

(9)
லூசி முதலில் எலிகளுக்கு ஏழைப் பெண்கள் சாப்பிடும் உணவையே கொடுத்துப் பார்த்தார். ரத்தசோகை வந்தது. ஆனால் பேன் மூலம் பரவும் ஒரு கிருமியும் அதில் கலந்து குழப்பியது தெரியவந்தது. அப்புறம் குரங்குகளுக்குப் போனார்.

ரத்தசோகையால் துவண்டிருந்த குரங்குக்கு மார்மைட் கொடுத்தார். குரங்கு தேறியது. பீர் காய்ச்சும்போது மிஞ்சும் ஈஸ்ட்டில் செய்கிற கறுப்புப் பசை அது. இலங்கைத் தமிழ் நண்பர்களுக்கு நல்லாத் தெரியும், அங்கே ரொட்டியில் தடவிச் சாப்பிடுவாங்க.

கர்ப்பிணிகளுக்கும் கொடுத்தார். அவர்களும் தேறினார்கள். 1931இல் கட்டுரை வெளிவந்தது. விலை மலிவான மருந்து!

அதைவிட முக்கியமான ஒன்றையும் லூசி கவனித்தார். நன்கு சுத்திகரித்த ஈரல் சாறு உயிர்க்கொல்லி ரத்தசோகையைக் குணமாக்கியது. ஆனால் இந்தக் கர்ப்பிணிகளிடம் அது வேலை செய்யவில்லை. அப்படியானால் இரண்டு நோயும் பார்க்க ஒன்று போல இருந்தாலும், குறைகிற பொருள் வேறு.

அந்தப் பொருளை "வில்ஸ் ஃபேக்டர்" என்றார்கள். 1941இல் பசலைக்கீரையில் இருந்து பிரித்தெடுத்தபோது, இலை என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லில் இருந்து பெயர் வைத்தார்கள்: ஃபோலிக் ஆசிட்.

இன்று நம்ம அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையில் ஃபோலிக் ஆசிட்டும் சேர்ந்தே இருக்கிறது. அந்தப் பாதியின் கதை பம்பாய், குன்னூர், திருவல்லிக்கேணி வழியாக வந்தது.

(10)
சரி, கீரையில் துளித்துளியாகக் கிடைக்கும் பொருளை மாத்திரையாக்கியது யார்?

எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895இல் பீமவரத்தில் பிறந்தவர். அன்றைக்கு அது மெட்ராஸ் மாகாணம். பள்ளி இறுதித் தேர்வில் தேறியதே மூன்றாவது முயற்சியில். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, அப்புறம் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்.

காந்தி அந்நியத் துணியைப் புறக்கணிக்கச் சொன்ன காலம். இவர் காதியில் தைத்த அங்கியோடு ஆபரேஷன் தியேட்டருக்குப் போனார். அறுவைச் சிகிச்சைப் பேராசிரியரான ஆங்கிலேயருக்கு அது பிடிக்கவில்லை. முடிவில் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல், அதைவிடக் குறைந்ததாகக் கருதப்பட்ட எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார்.

"வெறும் எம்.பி.பி.எஸ்.ஸா டாக்டர்? மேல எதுவும் படிக்கலையா?"ன்னு என்கிட்ட தினம் யாராவது கேட்பாங்க. அப்போதெல்லாம் எனக்கு சுப்பாராவ் ஞாபகம்தான் வரும். அவருக்கு அதுவும் கிடைக்கலை!

(11)
சுப்பாராவின் சகோதரர்கள் இருவர் ஸ்ப்ரூ நோயால் அடுத்தடுத்து இறந்தார்கள். குடல் சத்துக்களை உறிஞ்ச முடியாமல், பேதியாகி, உடம்பு உருகி, ரத்தம் வற்றும் நோய் அது. அவருக்கும் அந்த நோய் வந்து, ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையில் பிழைத்தார்.

பிறகு அமெரிக்கா போனார். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து அவர் செய்த வேலை, உடம்பின் சக்திப் பணமான ஏ.டி.பி. வரைக்கும் போனது. 1940இல் லெடர்லி ஆய்வகத்துக்கு மாறினார். 1945இல் அவர் தலைமையிலான குழு ஃபோலிக் ஆசிட்டைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டியது. ஸ்ப்ரூவின் ரத்தசோகைக்கும் அதே மருந்து பலன் தந்தது.

தன் அண்ணன் தம்பிகளைக் கொன்ற நோய்க்கு, தன் கையாலேயே ஒரு மருந்து.

1948 ஆகஸ்ட்டில், 53 வயதில், நியூயார்க்கில் தூக்கத்திலேயே இறந்துபோனார். 1995இல் இந்திய அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. எம்.எம்.சி.யில் படித்தவர்களைத் தவிர எத்தனை பேருக்கு இவரைத் தெரியும்?

(12)
இப்போ அந்தத் தப்புக்கு வருவோம்.

ஃபோலிக் ஆசிட் மாத்திரை வந்ததும் மருத்துவர்களுக்கு ஒரே கொண்டாட்டம். ஈரலுக்குப் பதிலாக உயிர்க்கொல்லி ரத்தசோகைக்கும் இதையே கொடுக்க ஆரம்பித்தார்கள். ஹீமோகுளோபின் ஏறியது! முகம் சிவந்தது! எல்லாருக்கும் திருப்தி.

சில மாதங்கள் போனதும் நோயாளிகள் திரும்ப வந்தார்கள். கால் மரத்துப்போகிறது, தரை தெரியவில்லை, இருட்டில் நடந்தால் தள்ளாடுகிறது என்றார்கள். சிலருக்கு நடையே போய்விட்டது.

ரத்தம் சரியாகிவிட்டது. நோய் அப்படியே உள்ளே இருந்து, தண்டுவடத்தையும் நரம்பையும் அரித்துக்கொண்டு இருந்தது. ரத்தசோகைதான் அந்த நோய் அடித்துக்கொண்டிருந்த அபாய மணி. ஃபோலிக் ஆசிட் அந்த மணியை மட்டும் நிறுத்திவிட்டது.

(13)
ஏன் இப்படி?

காஞ்சிபுரத்துக்காரங்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். கோர்வைச் சேலை நெய்யும்போது உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். நெசவாளர் நாடாவை வீசுவார். கரைக்கு நாடா போட பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்திருப்பார். அந்த ஆள் எழுந்து போனால் நூல் எவ்வளவு இருந்தாலும் சேலை நகராது.

செல் பிரிய வேண்டுமென்றால் புது டி.என்.ஏ. நெய்ய வேண்டும். ஃபோலிக் ஆசிட் நெசவாளர், பி12 பக்கத்து ஆள். பி12 இல்லைன்னா ஃபோலிக் ஆசிட் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். செல் வளரும், ஆனால் பிரியாது. அதனால்தான் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் பெருத்துப் போகின்றன.

வெளியில் இருந்து நிறைய ஃபோலிக் ஆசிட்டைக் கொட்டினால், இந்த நெசவு எப்படியோ ஒப்பேறிவிடும். ஆனால் நரம்பின் மேலுறையைப் பாதுகாக்கும் வேலையில் பி12க்குப் பதில் ஆள் கிடையாது.

(14)
அந்த பி12ஐ 1948இல் அமெரிக்காவில் ஒரு குழுவும் இங்கிலாந்தில் ஒரு குழுவும் தனித்தனியாக ஈரலில் இருந்து பிரித்தெடுத்தன. சிவப்பு நிறப் படிகங்கள். நடுவில் ஒரு கோபால்ட் அணு. அதன் சிக்கலான அமைப்பை டாரதி ஹாட்ஜ்கின் 1956இல் எக்ஸ்ரே முறையில் வரைந்து காட்டினார், 1964இல் நோபல் பெற்றார்.

இன்றும் பி12 ஊசி மருந்து சிவப்பாகத்தான் இருக்கும். "அந்தச் சிவப்பு ஊசி போடுங்க சார்"னு கேட்பாங்களே, அதேதான்.

(15)
இப்போ என் கதை.

சில வருஷம் முன்னாடி நான் வேலை பார்த்த ஒரு அரசு மருத்துவமனையில் பட்டு நெசவாளர் ஒருத்தர் வந்தார். ஐம்பதைத் தாண்டின வயசு. பல வருஷமா சைவம். சோர்வு, மூச்சு வாங்குது. ஹீமோகுளோபின் 7. கூட்டம் அலைமோதும் காலை நேரம். இரும்பு மாத்திரையும் 5 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட்டும் எழுதிக் கொடுத்தேன். அதே ரிப்போர்ட்டில் "எம்.சி.வி." என்ற வரி இருந்தது. சிவப்பணுவின் சராசரி அளவு அது. 100க்கு மேல் போனால் யோசிக்கணும். அவருக்கு 112. நான் அந்த வரியைப் படிக்கவில்லை.

மூணு மாசம் கழிச்சு ஹீமோகுளோபின் 10. எனக்குச் சந்தோஷம். "நல்லா ஏறியிருக்கு ஐயா"ன்னேன்.

அவர் தயங்கித் தயங்கி, "அதெல்லாம் சரி சார், தறிக் குழியில உக்காந்தா மிதிப்பலகை காலுக்குத் தெரிய மாட்டேங்குது. குனிஞ்சு பாத்துப் பாத்து மிதிக்கிறேன்"ன்னார்.

எனக்கு முதுகுத்தண்டு சில்லிட்டுப்போச்சு. 1940களில் புத்தகத்தில் எழுதி வைத்த தப்பை, மருந்தும் பரிசோதனையும் இருக்கும் காலத்தில் நான் திரும்பச் செஞ்சிருக்கேன்.

(16)
பி12 பார்த்தோம், அடிமட்டத்தில் இருந்தது. உடனே ஊசி ஆரம்பித்தோம். சோர்வு முழுசா போச்சு. தள்ளாட்டம் குறைஞ்சது. ஆனா உள்ளங்காலில் உணர்வு பாதிதான் திரும்பி வந்தது. நரம்பு சேதம் நாள் போகப்போக நிரந்தரமாகிவிடும்.

இப்போ அவர் தறியில் உட்காருவதில்லை. வீட்டில் தார் சுற்றித் தருகிறார். என் மேல் அவருக்குக் கோபம் இல்லை, "நீங்கதானே சார் கண்டுபுடிச்சீங்க"ங்கிறார். அந்த வார்த்தைதான் இன்னும் உறுத்துது.

அதுக்கப்புறம் என் மேஜைக்கு வரும் எந்த ரத்த ரிப்போர்ட்டிலும் அந்த வரியைப் பார்க்காமல் நான் மாத்திரை எழுதியது இல்லை.

(17)
தமிழ்நாட்டில் பி12 பற்றி உலகமே படித்த ஆராய்ச்சி நடந்தது நம்ம பக்கத்து ஊர் வேலூரில்தான்.

1962இல் சி.எம்.சி.யைச் சேர்ந்த ஜாதவ், வெப், வைஷ்ணவா, பேக்கர் ஆகியோர் "லான்செட்" இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். தாய்ப்பால் மட்டும் குடித்து வளர்ந்த சில கைக்குழந்தைகள், முகம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவை, சிரிப்பை மறந்துபோயின. கற்றதை இழந்தன. தோல் ஆங்காங்கே கறுத்தது, கை கால் தன்னிச்சையாக அசைந்தது, கூடவே ரத்தசோகை.

காரணம், தாய்க்கே பி12 இல்லை. அதனால் பாலிலும் இல்லை. பி12 கொடுத்ததும் குழந்தைகள் தேறின.

சைவ உணவு மட்டும் சாப்பிடும் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் இதைக் கட்டாயம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

1980இல் ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் ஆகியோர் இன்னொன்றைக் காட்டினார்கள். நம்ம ஊர்க்காரர்களின் சிறுகுடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் பி12ஐத் தயாரிக்கின்றன! தலைமுறை தலைமுறையாகச் சைவம் சாப்பிடும் எல்லாருக்கும் ஏன் குறைபாடு வருவதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதற்காகப் பாக்டீரியாவை நம்பி இருந்துவிடாதீர்கள்.

(18)
இதுவரை பார்த்தது இரண்டு வழிகள். ஒன்று, சாப்பாட்டில் பி12 இல்லை. இரண்டு, வயிற்றில் துணைக்காரணி சுரக்கவில்லை.

மூன்றாவது ஒன்று உண்டு.

1960இல் நார்வேயில் ஓல்கா இமெர்ஸ்லுண்ட், பின்லாந்தில் ரால்ஃப் கிராஸ்பெக் இருவரும் தனித்தனியாகச் சில குழந்தைகளை விவரித்தார்கள். சாப்பாட்டில் குறை இல்லை. துணைக்காரணியும் சுரக்கிறது. ஆனாலும் பி12 ரத்தத்துக்குள் போகவில்லை. ரத்தசோகை, அதோடு சிறுநீரில் புரதம். ஒரே குடும்பத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு வந்தது. பரம்பரை நோய்!

இருவர் பெயரையும் சேர்த்து "இமெர்ஸ்லுண்ட்-கிராஸ்பெக் நோய்" என்கிறோம். பி12ஐ ஊசியாகப் போட்டால் குழந்தை தேறிவிடும், ஆனால் வாழ்நாள் முழுக்கப் போட வேண்டும்.

எங்கே கோளாறு? கண்டுபிடிப்பது கஷ்டம். மிக அரிய நோய், குழந்தைகளின் குடலை வெட்டியா பார்க்க முடியும்?

(19)
இங்கேதான் நாய்கள் மறுபடி வருகின்றன.

அமெரிக்காவில் ஜான் ஃபைஃப் என்ற ஆய்வாளரும் குழுவினரும் ஜெயன்ட் ஷ்னாஸர் இன நாய்க்குட்டிகளில் ஒரு குடும்ப நோயைப் பார்த்தார்கள். பிறந்து சில வாரங்களில் பசி போகிறது, வளர்ச்சி நிற்கிறது, ரத்தசோகை வருகிறது, சிறுநீரில் புரதமும் போகிறது. பி12 ஊசி போட்டால் குட்டி எழுந்து ஓடுகிறது.

நார்வே, பின்லாந்துக் குழந்தைகளின் அதே நோய்!

1991இல் அந்தக் குழு கோளாறின் இடத்தைச் சொன்னது. சிறுகுடலின் கடைசிப் பகுதியில், பி12ஐயும் துணைக்காரணியையும் சேர்த்துப் பிடித்து உள்ளே இழுக்கும் ஒரு வாசல் உண்டு. இந்தக் குட்டிகளில் அந்த வாசல் குடலின் மேற்பரப்புக்கு வந்து சேரவே இல்லை.

(20)
அப்புறம் மனித மரபணுவும் நாய் மரபணுவும் மாறி மாறி ஒன்றுக்கொன்று வழிகாட்டின.

1999இல் பின்லாந்துக் குடும்பங்களில் "கியூபிலின்" என்ற புரதத்தின் மரபணுவில் பிழை தெரிந்தது. 2003இல் நார்வேக் குடும்பங்களில் "ஆம்னியன்லெஸ்" என்ற வேறொரு புரதத்தின் மரபணுவில். ஒரே நோய்க்கு எப்படி இரண்டு மரபணு? 2004இல் ஃபைஃபின் குழு பதில் சொன்னது. இரண்டும் சேர்ந்ததுதான் அந்த வாசல். ஒன்று கதவு, இன்னொன்று கதவைத் தாங்கும் நிலை. எது கெட்டாலும் வாசல் இல்லை.

2005இல் ஷ்னாஸர் நாய்களிலும் ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் நாய்களிலும் ஆம்னியன்லெஸ் மரபணுவில் பிழை இருப்பது உறுதியானது. அடுத்த சில வருஷங்களில் பார்டர் கோலி, பீகிள் இனங்களில் கியூபிலின் மரபணுப் பிழை கண்டுபிடிக்கப்பட்டது.

ஆமாம், நம்ம அக்கா வீட்டு பீகிள்தான்.

(21)
ஒரே இனத்துக்குள் ஏன் இப்படி வருகிறது?

இந்த நோய் வர, தாய் தந்தை இருவரிடம் இருந்தும் பிழையான பிரதி வர வேண்டும். ஒரு பிரதி மட்டும் உள்ளவர் ஆரோக்கியமாக இருப்பார். அப்படிப்பட்ட இருவர் சேர்ந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு.

"சுத்தமான ஜாதி நாய்" என்று நாம் பெருமையாகச் சொல்வது, தலைமுறை தலைமுறையாக நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்த குடும்பத்தைத்தான். மறைந்திருக்கும் ஒரே பிழை இரண்டு பக்கமும் இருக்க வாய்ப்பு அதிகம்.

தாய்மாமனையும் அத்தை மகனையும் கட்டிக்கொடுக்கும் நம்ம ஊருக்கும் இதே கணக்குதான். நாய்க்குப் பொருந்தினால் நமக்கும் பொருந்தும். சொந்தத்தில் திருமணம் செய்தவர்களின் குழந்தைக்குக் காரணம் தெரியாத ரத்தசோகை இருந்தால், அந்த உறவு விவரத்தை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

(22)
இப்போ அக்காவின் கேள்விக்கு நான் சொன்ன பதில்:

"அக்கா, பி12 கோயிலுக்குப் போற சின்னப் புள்ள மாதிரி. தனியா போனா உள்ள விட மாட்டாங்க. கூட்டிட்டுப் போக ஆள் வேணும், அதுதான் துணைக்காரணி. மனுஷங்களுக்கு அது வயித்துல சுரக்கும், நாய்க்குப் பெரும்பாலும் கணையத்துல சுரக்கும். கூட்டிட்டுப் போனாலும் வாசல் திறந்திருக்கணும். டாக்டர் சந்தேகப்படுற நோயில அந்த வாசலே இருக்காது. கிலோ கணக்குல ஈரல் போட்டாலும் எல்லாம் வெளியே போயிடும். ஊசி போட்டா, வாசலைச் சுத்திக்கிட்டு நேரா ரத்தத்துக்குப் போயிடும்."

"அப்போ நான் சரியா சாப்பாடு போடலைன்னு இல்லையே தம்பி?"

இல்லக்கா. உங்க மேல எந்தத் தப்பும் இல்ல.

அவங்க கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. அந்தக் கேள்விக்குப் பின்னாடி இதுதான் இருந்திருக்குன்னு அப்போதான் எனக்குப் புரிஞ்சது.

(23)
படித்த எல்லோரும் இதை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள்:

- ரத்தசோகை என்றாலே இரும்பு இல்லை. நம்ம ஊரில் இரும்புக் குறைபாடுதான் அதிகம், மறுக்கவில்லை. ஆனால் மாத்திரைக்கு முன்னால் ரத்த ரிப்போர்ட்டில் சிவப்பணுவின் அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

- உள்ளங்கால் எரிச்சல், மரத்துப்போதல், செருப்பு நழுவுவது தெரியாமல் இருத்தல், நாக்குப் புண், விரல் கணு கறுத்தல், மறதி. இவை இருந்தால் பி12 பாருங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் பி12 குறைவால் நரம்பு கெடலாம்.

- சைவ உணவுக்காரர்கள், பல வருஷமாக மெட்ஃபார்மின் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகள், நீண்ட நாளாக அமிலம் குறைக்கும் மாத்திரை போடுபவர்கள், வயிறு அல்லது சிறுகுடலில் ஆபரேஷன் செய்தவர்கள், முதியவர்கள். இவர்களுக்கு வாய்ப்பு அதிகம்.

- பால், தயிர், முட்டை, மீன், கறி, ஈரலில் பி12 உண்டு. கீரையில் ஃபோலிக் ஆசிட் உண்டு, பி12 இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

- பி12 குறைவு இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்போது ஃபோலிக் ஆசிட்டை மட்டும் தனியாகப் போடக் கூடாது. அதே சமயம் கர்ப்பிணிகள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்! அது குழந்தையின் தண்டுவடத்தைக் காப்பது. கட்டாயம் சாப்பிட வேண்டும்.

- நாய்க்குட்டி வளராமல், சாப்பிடாமல், வெளுத்துப்போய் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் போங்கள். பெரும்பாலும் பூச்சி, உண்ணிக் காய்ச்சல் போன்றவையாகவே இருக்கும். அதெல்லாம் இல்லையென்றால் பி12 பற்றிக் கேளுங்கள். வீட்டில் இருக்கும் மனுஷ மாத்திரையைக் கொடுக்காதீர்கள்.

(24)
நேத்து சாயங்காலம் டூட்டி முடிஞ்சு வரும்போது அக்கா வீட்டு வாசலில் அந்தக் குட்டி என் பேன்ட்டைக் கடிச்சு இழுத்தது. மூணு ஊசிதான் ஆகியிருக்கு. ஈறு நல்ல சிவப்பு.

குனிஞ்சு அதுக்கு ஒரு தட்டுத் தட்டிட்டு வந்தேன். ராச்செஸ்டரில் ரத்தம் கொடுத்த நாய்களுக்கும் சேர்த்துத்தான்.

வீட்டில் யாருக்காவது கால் மரத்துப்போகுதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தா, இந்த வாரமே கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. தள்ளிப் போடாதீங்க.